பங்கு இறைச்சியும் ஏழு மணித்தியாலமும்

நொதியம்:
"அறுத்த சூட்டோடு சமைத்த ஆட்டிறைச்சியே மெத்தென்றிருக்கும், இலகுவில் சமிபாடடையும், குளிர்ப்பெட்டியில் வைத்தால் அதன் புரதம் செத்துவிடும்" என்று பங்குக்காரன் ஐயா நேற்று எழுதியதை வாசித்த பின் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அதிகாலை 4 மணிக்கு அறுத்து, பல வீடுகளுக்குப் பங்கு பிரித்து, பனையோலைப் பட்டையில் வீடு வந்து, 11 மணிக்கு அடுப்பேறும் இறைச்சியில் எந்தச் சூடு மிஞ்சியிருக்கிறது? தசையில் ஏ.ரி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு தீர்ந்ததும் மயோசின், அக்ரின் என்ற தசைப் புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும்; யாழ்ப்பாணத்து வெக்கையில் அது இன்னும் விரைவாகவே நிகழும். ஏழு மணித்தியாலம் கழித்து நீங்கள் சட்டியில் இடுவது விறைத்த தசை.

பங்குக்காரன்:
தம்பி, எங்கள் வீட்டில் 10 மணிக்கே அடுப்பேறிவிடும். ஆகவே ஆறு மணித்தியாலம். ஆட்டை அறுப்பதைக் கண்ணால் காணாதவர்கள் கணக்குப் போட்டால் இப்படித்தான் வரும். நீங்கள் சொல்லும் அந்த விறைத்த தசையை அறுபது வருடமாகத் தின்று செமித்த வயிறு இது.

நொதியம்:
ஆறென்றாலும் விறைப்பு விறைப்புதான். உங்கள் கறி மெத்தென்றிருப்பதற்குக் காரணம், ஒன்றரை மணித்தியாலம் மண்சட்டியில் கொதிக்கும்போது சவ்விலுள்ள கொலாஜன் என்ற கடினமான புரதம் மெத்தென்ற ஜெலற்றினாகக் கரைவது. சமிபாட்டுக்கும் அளவான சூடே உதவுகிறது: அதில் புரதத்தின் மடிப்பு அவிழ்வதால் இரைப்பையில் புரதத்தைச் சமிக்கச் செய்யும் பெப்சின் இலகுவாக வெட்டும், கருகக் கருகப் பிரட்டினால் புரதங்கள் திரண்டு ஒட்டிக்கொள்ள, அந்த வேலை மந்தமாகும்.

அடுப்படி:
பப்பாசிக்காய் பூசினால் இறைச்சி இளகும் என்று நொதியம் அவர்கள் முன்பு சொன்ன யோசனையைக் கேட்டு, மகளின் பிறந்தநாள் இறைச்சிக்கு அதை அரைத்துப் பூசி இரவு வைத்தேன். காலையில் மேற்புறம் களியாகக் கையில் ஒட்டியது, உள்ளே பழைய நார் அப்படியே இருந்தது. அன்றைக்கு வந்த விருந்தினர் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நொதியம்:
அக்கா, அரை மணித்தியாலம் என்று சொன்னேன். இரவு முழுவதும் என்று சொல்லவில்லை. பப்பாசியில் புரதத்தை வெட்டும் நொதியமான பப்பேன் மேற்பரப்பில்தான் முதலில் வேலை செய்யும்.

அடுப்படி:
"சிறிது நேரம்" என்றீர்கள். அரை மணித்தியாலம் என்பது இன்று பிறந்த கணக்கு.

சங்குப்பிட்டி:
சண்டைக்கு நடுவே ஒரு சொல். விறைப்பு வருமுன்பே இறைச்சியை 10 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர வைத்தால் தசைநார் மிகவும் சுருங்கி, பிறகு எவ்வளவு அவித்தாலும் தோல்போல இருக்கும். பங்குக்காரன் அண்ணை சொன்ன காரணம் பிழையாக இருக்கலாம்; குளிர்ப்பெட்டியில் அவர் கண்ட பழுது பொய்யல்ல.

பங்குக்காரன்:
கேட்டீர்களா? நான் சொன்னதைத்தான் படித்தவர் ஒருவர் வேறு சொல்லில் சொல்கிறார்.

நொதியம்:
உடனே குளிர்ப்பெட்டிக்குள் தள்ளுங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? விறைத்த பின் ஓரிரு நாள் குளிரில் வைத்தால் தசையிலுள்ள கல்பெயின் என்ற நொதியமே நார்களை அறுத்து இளக்கும் என்பதும், புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் பெப்தைட்டுகள் என்ற சிறு துண்டுகளும் சுவையைக் கூட்டும் என்பதும்தான் என் கட்சி. கிடாய் வாடை கொழுப்பில் இருப்பது. அதற்குப் புரதத்தைக் குறை சொல்லவேண்டாம். ஏழு மணித்தியாலத்துக்கு மட்டும் இன்னும் ஒருவரும் மறுமொழி தரவில்லை.

பங்குக்காரன்:
ஆறு. அதுவும் 4 மணிக்கு அறுத்ததாக நான் எழுதவே இல்லை. எங்கள் பங்கு எப்போதும் நாலரைக்குத்தான். கணக்கைத் திருத்திவிட்டு வாருங்கள், தம்பி.