சாண்ட்விச் டிப்ளமோ: பாதியில் நின்ற பயிற்சிக்கு என்ன வழி?

தம்பி சென்னையில் மெக்கானிக்கல் சாண்ட்விச் டிப்ளமோ படிக்கிறான். மூன்றரை வருஷப் படிப்பு. 4வது, 7வது செமஸ்டர்களில் கம்பெனிப் பயிற்சி. இப்போது 7வது. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தான். ஆர்டர் இல்லை என்று போன மாதம் பையன்களை நிறுத்திவிட்டார்கள். பயிற்சி டைரியில் சூப்பர்வைசர் கையெழுத்து பாதியோடு நிற்கிறது, கீழே வெறும் கட்டங்கள்.

கல்லூரியில் கேட்டால் "நீங்களே வேறு இடம் பாருங்க" என்கிறார்கள். நல்ல பதில்! கிண்டி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகள் எல்லாம் அலைந்தாயிற்று. மிச்சமிருக்கும் கொஞ்ச நாளுக்கு யாரும் எடுப்பதில்லை. 1961 அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) சட்டத்தில் சாண்ட்விச் மாணவர்களும் வருவார்கள் என்பதால் தரமணி தொழிற்பழகுநர் வாரியத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம், இன்னும் கொடுக்கவில்லை. பழைய பட்டறை வருகைச் சான்று மட்டும் கையில் இருக்கிறது.

இப்படி நடுவில் கம்பெனி மாறியவர்கள், இரண்டு இடத்து வருகையையும் சேர்த்துக்கொள்ள யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?