வில்மோர், சீனக்குடாத் தாங்கி, உளுந்து வடை

பழைய பாடநூல்கள் பற்றிய பேச்சில் ஒருவர் தன் கணிதப் புத்தகத்தை இன்னும் பூசைப்பெட்டி மாதிரி வைத்திருப்பதாக எழுதியிருந்தார். என்னிடம் இருப்பது புத்தகமே இல்லை, போட்டோக்கொப்பி. அதுவும் குறைப்பிரதி. வில்மோர் எழுதிய வகையீட்டுக் கேத்திரகணித (வளையிகளையும் மேற்பரப்புகளையும் நுண்கணிதத்தால் ஆராயும் பாடம்) அறிமுக நூல், ஒக்ஸ்போர்ட் 1959-இல் வெளியிட்டது.

அது திருகோணமலைக்கு வந்த வழி கொஞ்சம் சுற்று. எங்கள் ஒழுங்கையில் ஓர் அண்ணா தொண்ணூறில் குடும்பத்தோடு வள்ளம் ஏறி இந்தியா போய், திருச்சியில் எம்.எஸ்சி. வரை படித்து, 2003-இல் சமாதான காலத்தில் திரும்பி வந்தார். பெட்டியில் உடுப்பைவிடப் புத்தகம்தான் கூட. தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. கணிதம் படித்த பலருக்கும் வில்மோர் என்றால் வயிற்றைக் கலக்கும் என்று சிரித்துக்கொண்டே தந்தார். நான் அப்போது கம்பஸில் இரண்டாம் வருடம், விடுமுறைக்கு வந்திருந்தேன். டவுனில் ஒரு கடையில் கொப்பி எடுக்கக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றாம் அத்தியாயத்தில் எட்டுப் பக்கம் இல்லை, அதற்குப் பதில் யாருடையதோ காணி உறுதியின் ஒரு தாள் நடுவில் கிடக்கிறது!

உண்மையைச் சொன்னால் முதல் தடவை ஒன்றும் ஏறவில்லை. முதல் அத்தியாயம் வெளியில் ஓடும் வளையிகள், அவற்றின் வளைவு, முறுக்கு. சரி, அதைச் சமாளித்தேன். இரண்டாவதில் மேற்பரப்பின் உள்ளார்ந்த குணங்கள், மூன்றாவதில் உள்ளார்ந்தவை அல்லாத குணங்கள் என்று பிரிக்கிறார். ஏன் இப்படி இரண்டாக வெட்ட வேண்டும் என்று விளங்கவேயில்லை. அண்ணாதான் சீனக்குடா எண்ணெய்த் தாங்கியைக் காட்டிக் கேட்டார்: “தம்பி, இந்தத் தகட்டைக் கழற்றித் தட்டையாக விரிக்கலாமா?” விரிக்கலாம், நீள்சதுரம் வரும். அந்தச் சுவரில் ஊரும் எறும்பு எவ்வளவு அளந்தாலும் தன் தரை வளைந்திருப்பதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் காஸ் வளைவு, அதாவது மேற்பரப்புக்கு உள்ளேயே அளந்து அறியக்கூடிய வளைவு, சுழியம். வெளியே நிற்கிற எங்களுக்குத்தான் அது வளைவு. தோடம்பழத் தோலை விரித்துப் பாருங்கள், கிழியும். அங்கே எறும்பே கண்டுபிடித்துவிடும். எறும்பால் அளக்க முடிந்தது உள்ளார்ந்த குணம், வெளியே நின்றால்தான் தெரிவது மற்றது. பேருந்து நிறுத்தத்தில் கழிந்த அந்தக் கால் மணித்தியாலத்தில் விளங்கியது இரண்டு செமஸ்டரில் விளங்கவில்லை.

அப்புறம்தான் எழுதிய மனிதர் யார் என்ற யோசனை வந்தது. அதுவரை பாடநூல் எழுதியவர் என்றால் எப்போதோ செத்துப்போனவர் என்றே என் மனதில் இருந்தது. தோமஸ் வில்மோர் 1919-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். போர்க் காலத்தில் கார்டிங்டன் விமானப்படைத் தளத்தில், எதிரி விமானங்களை மறிக்கக் கம்பிவடத்தில் கட்டி மேலே விடும் பலூன்கள் சம்பந்தமான வேலை. அந்த வேலைக்கு நடுவிலேயே 1943-இல் கலாநிதிப் பட்டம். (1942 ஏப்ரல் 9-இல் ஜப்பான்காரன் எங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது இவர் அங்கே பலூன் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.) 1946-இல் டர்ஹாம், பிறகு லிவர்பூல், 1965-இல் மறுபடி டர்ஹாமுக்கே பேராசிரியராக. 1984-இல் ஓய்வு பெற்ற பிறகும் 1993-இல் ரீமன் கேத்திரகணிதம் பற்றி இன்னொரு நூல்.

நாங்கள் அந்தக் கொப்பியைத் திட்டிக்கொண்டிருந்த 2003-இல் மனிதர் உயிரோடுதான் இருந்திருக்கிறார். 2005 பெப்ரவரியில்தான் காலமானார். ஒரு கடிதம் போட்டிருக்கலாம், அந்தப் புத்தியே வரவில்லை.

அவர் பெயர் நிலைத்த வினா (வில்மோர் ஊகம் என்பார்கள்) அந்த நூலில் இல்லை என்பது அதைவிட வேடிக்கை. நூல் 1959, வினா 1965. ஒரு மேற்பரப்பின் சராசரி வளைவை (ஒரு புள்ளியில் ஆகக் கூடிய, ஆகக் குறைந்த வளைவுகளின் சராசரி) வர்க்கித்து முழுப் பரப்பிலும் தொகையிடுங்கள். கோளத்துக்கு 4π வரும், சின்னக் கோளமோ பெரியதோ ஒன்றுதான். நடுவில் ஓட்டை உள்ள டோரஸ் வடிவத்துக்கு ஆகக் குறைந்த அளவு 2π², அதற்குக் கீழே போகாது என்றார் அவர். நிரூபிக்க அவராலும் முடியவில்லை, மற்றவர்களாலும் முடியவில்லை. 2012-இல்தான் மார்க்கெஸ், நெவெஸ் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் முடித்தார்கள். மார்க்கெஸ் அப்போது இருந்தது பிரேசிலின் ரியோவில் உள்ள இம்பா என்ற கணித ஆய்வு நிறுவனம். இதே பாடத்துக்கு 1976-இல் இன்னொரு புகழ்பெற்ற நூல் எழுதிய டூ கார்மோ இருந்த இடமும் அதுதான். தனியாக உட்கார்ந்து படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது டூ கார்மோவைத்தான். வில்மோருக்குப் பக்கத்தில் ஒரு அண்ணா வேண்டும்.

இப்போது ரியூஷன் கொடுக்கிறேன். அந்த 2π² சரியாகக் கிடைக்கும் டோரஸில் நடுவட்ட ஆரை (ஓட்டையின் மையத்திலிருந்து குழாயின் நடு வரை உள்ள தூரம்), குழாயின் ஆரையைப் போல √2 மடங்கு. கணக்குப் போட்டால் ஓட்டையின் அகலம் மொத்த அகலத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேலே. எட்டு சென்டிமீற்றர் வடை என்றால் ஓட்டை 1.4 அளவில் இருக்க வேண்டும், தடிப்பு 3.3. ஒரு நாள் உயர்தரப் பிள்ளைகளுக்கு உளுந்து வடை வாங்கி, அடிமட்டத்தையும் கையில் கொடுத்தேன். நம்மூர் வடை மெலிவு, ஓட்டையும் பெரிது, கிட்டவும் வரவில்லை. ஒருத்தி அளக்க முன்பே கடித்துவிட்டு, “சேர், ஓட்டை திறந்துபோச்சு, இனி இது டோரஸ் இல்லைத்தானே” என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

அந்த எட்டுப் பக்கம் இன்னும் என்னிடம் இல்லை. யாரிடமாவது முழு வில்மோர் இருந்தால் மூன்றாம் அத்தியாயத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். காணி உறுதித் தாளும் பத்திரமாக இருக்கிறது, உரியவர் வந்தால் கொடுத்துவிடலாம்.