நாகப்பட்டினம்தான் எங்கள் ஊர் என்று நினைத்திருந்தோம்

மலேசியாவின் கிள்ளானிலிருந்து

எங்கள் வீட்டில் ஊர் என்றால் நாகப்பட்டினம். தாத்தா கப்பலேறி வந்து தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். அவர் விட்டுப்போன பழைய தாளில் அந்தப் பெயர்தான் இருந்தது. அப்பாவுக்கும் அதற்கு மேல் தெரியாது.

போன வருடம் மனைவியோடு அங்கே போனேன். வெளிப்பாளையம், கலங்கரை விளக்கம், கடற்கரை என்று மூன்று நாள் அலைந்தோம். பார்த்தவர்களிடமெல்லாம் தாத்தா பெயரையும் அவர் அப்பா பெயரையும் சொன்னேன். அந்தப் பெயர்களில் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை!

கடைசி நாள் நாகூர் தர்கா பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார பாய்க்கு எண்பது வயது இருக்கும். கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினவங்க எல்லாம் நாகப்பட்டினத்துக்காரங்களா?"

அவருடைய அத்தா கப்பலுக்கு ஆள் ஏற்றும் படகில் வேலை பார்த்தவராம். தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணிகள் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களை ரயிலில் கூட்டிவருவார்கள். இங்கே இருந்த டிப்போவில் தங்கவைத்து, டாக்டர் பார்த்த பிறகுதான் கப்பல். மலாயாவுக்குப் போக இதே மாதிரி ஆவடியிலும் ஒரு டிப்போ இருந்தது. 1938-இல் இந்திய அரசு நிறுத்தும்வரை இப்படித்தான் நடந்தது. ஆக, தாத்தாவின் தாளில் இருந்தது ஊர்ப் பெயர் இல்லை, துறைமுகத்தின் பெயர்.

"சரி, குலதெய்வம் எது?" என்றார் பாய். பெயர் தெரியாது. பாட்டி 'காளியம்மா' என்று மட்டும்தான் சொல்வார். திங்களும் வெள்ளியும் மட்டும் விளக்கேற்றுவார். "அம்மா அந்த ரெண்டு நாள்தான் கதவு திறப்பா" என்பார். இன்னொன்று, சூடத்தைப் படத்துக்குக் காட்டுவதற்கு முன்னால் வாசலுக்கு வந்து வெளியே காட்டுவார். கேட்டால் "மலைக்கு" என்பார். தோட்டத்தைச் சுற்றி மலையே கிடையாது. பாட்டிக்கு வயதாகிவிட்டது என்று நாங்கள் சிரிப்போம்.

டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, அது சிறுவாச்சூர் மதுரகாளியம்மன். பெரம்பலூர் பக்கம். திங்கள், வெள்ளிதான் நடை திறப்பாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே நின்றோம். பூசாரி தீபத்தை எடுத்து முதலில் வெளியே மலைப்பக்கம் காட்டினார். அங்கே இருக்கும் செல்லியம்மனுக்காம். அதற்குப் பிறகுதான் அம்மனுக்கு. என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. தூண் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

எந்தக் கிராமம் என்று இன்னும் பிடிபடவில்லை. அந்தக் கோயிலைக் குலதெய்வமாகக் கும்பிடும் ஊர்கள் அவ்வளவு.

பொன்மலையிலிருந்து

எங்கள் கதை தலைகீழ். நாங்கள் அசல் நாகப்பட்டினம். தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப் முதலில் அங்கேதான் இருந்தது. 1928-இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்த சமயத்தில் அதைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள். தாத்தாவின் அப்பா பெட்டி படுக்கையோடு வந்தார், அப்புறம் திரும்பவே இல்லை. கொள்ளுப்பாட்டி மட்டும் காவிரி மீனைக் கடைசிவரை தொடவில்லையாம். "ஆத்து மீன்ல மண் வாடை வருது" என்று சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கிறார். எங்களுக்கு நாகப்பட்டினத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து

மலாயாவுக்குப் போய்வந்த ரஜூலா கப்பலை நான் பார்த்திருக்கிறேன். அப்போது பத்து வயது. ஆழம் போதாததால் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். இருட்டினால் கடலுக்கு நடுவே ஒரு தெரு விளக்கேற்றி வைத்த மாதிரி இருக்கும். பினாங்கு மாமா வரும்போது பிஸ்கட் டின், சோப்பு, கைலி எல்லாம் வரும். 1985-இல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்த பிறகு அந்தப் போக்குவரத்தே நின்றுபோனது.

2004 சுனாமியில் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி போய்விட்டது. மாமாவின் கடிதங்கள், கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான். உயிர் தப்பியதே பெரிது என்பதால் அப்போது அழக்கூடத் தோன்றவில்லை. நான்கு வருடம் கழித்து மாமா மகள் பினாங்கிலிருந்து ஒரு கவர் அனுப்பினாள். உள்ளே பழைய படம் ஒன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் எப்போதோ அனுப்பியதாம். அம்மாவின் இளவயதுப் படமாக இன்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.