குக்கருக்குள் இருக்கிற காந்தம்

குமுதா மாமி: பிள்ளையள், எங்கட ரைஸ் குக்கர் நேற்றிலிருந்து சோறு வேகமுதலே ‘டக்’ என்று ‘வார்ம்’ நிலைக்கு, சோற்றைச் சூடாக மட்டும் வைத்திருக்கிற நிலைக்குப் போகிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் திருத்துகிற ஆள் ஆரும் இருக்கினமா?

சிவா: மாமி, கடைக்குக் கொண்டுபோக முதல் பிளக்கைக் கழற்றி, ஆறினபிறகு உள்பாத்திரத்தைத் தூக்கிப் பாருங்கோ. நடுவில் அமுக்கினால் இறங்குகிற வட்டத் தகடு ஒன்று இருக்கும். அதைச் சுற்றிச் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தால் பாத்திரம் சரியாகப் பொருந்தாது.

குமுதா மாமி: ஓம் தம்பி, விளிம்பில் இரண்டு பருக்கை. துடைத்துவிட்டேன். அந்தத் தகட்டுக்குள் என்ன இருக்கு?

சிவா: காந்தம் மாமி! சுவிச்சை அமுக்க, காந்தம் மேலே ஏறி ஒரு ஃபெரைட் துண்டில், அதாவது இரும்பு ஒக்சைட் கலந்த பீங்கான் மாதிரியான பொருளில், ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 பாகை செல்சியசைப் பெரிதாகத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு ஏறும். 103 பாகை அளவில் அந்த ஃபெரைட்டைக் காந்தத்தால் பிடிக்கமுடியாமல் போகும். பிடி விட்டதும் ஸ்பிரிங் காந்தத்தைக் கீழே தள்ளும். ‘டக்’ சத்தம் அதுதான். குசினியில் இதைவிட அழகான பொறி எனக்குத் தெரிய இல்லை.

யாழினி: சூடானால் ஏன் பிடிக்காது சித்தப்பா?

சிவா: ஃபெரைட்டிலும் இரும்பிலும் அணுக்கள் சின்னச் சின்னக் காந்தங்கள். நல்லூர்த் தேர் வடத்தை எல்லாரும் ஒரே பக்கம் இழுத்தால்தானே தேர் நகரும்? அப்படித்தான் இதுவும். சூடு அணுக்களை உலுக்கி அந்த ஒழுங்கைக் குலைக்கும். முழுதாகக் குலைகிற இடம்தான் கியூரி வெப்பநிலை. பியர் கியூரி 1895 இல் இதை ஆராய்ந்து எழுதினார். இரும்புக்கு 770 பாகை, நிக்கலுக்கு 358 அளவு.

கபில்: அண்ணா, அப்ப வெயிலில் நிற்கிற பைக்கில் என்ர போன் ஹோல்டர் காந்தம் செத்துப்போகுமா?

சிவா: வெயிலுக்குச் சாகாது. அப்படியான ஹோல்டரில் வழக்கமாக இருக்கிற சாதாரண நியோடிமியம் காந்தம் 80 பாகை வரை தாங்கும். அதுவரை காந்தபலம் பாகைக்கு 0.1 சதவீதம் அளவு குறையும், ஆறினால் திரும்பி வரும். அதைத் தாண்டிச் சூடாக்கினால் போனதில் ஒரு பங்கு ஆறினாலும் வராது. திரும்பக் காந்தமேற்றத்தான் வேணும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதே.

யாழினி: நான் வீட்டில் செய்து பார்க்கலாமா?

சிவா: செய்யத்தான் வேணும்! பழைய ஸ்பீக்கரில் இருக்கிற கறுப்புக் காந்தம் எடு. அது குக்கரில் இருக்கிறதைவிட வேறு வகை ஃபெரைட், பலம் பாகைக்கு 0.2 சதவீதம் குறையும், அதனால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். முதலில் ஐஸ் தண்ணீரில் கொஞ்சநேரம் வைத்து எத்தனை குண்டூசி தூக்குகிறது என்று எண்ணு. அப்புறம் சுடுதண்ணீரில் வைத்து எண்ணு. கையால் தொடாதே, மரக் கரண்டியால் எடு. இரண்டு கணக்கையும் இங்கே போடு, பார்ப்பம்.