பாராசிட்டாய்டு: கொல்லுண்ணி எனலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். வேறோர் உயிருக்குள் இருந்து தின்று வளர்ந்து, கடைசியில் அதைக் கொன்றேவிடும் பூச்சியை ஆங்கிலத்தில் பாராசிட்டாய்டு என்கிறார்கள். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"ஒட்டுண்ணி என்ற சொல் இருக்கிறதே, புதிதாக எதற்கு?" என்று ஐயா கேட்டிருந்தார். எனக்கு ஏன் போதவில்லை என்று மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என் மேசையில் இரண்டு போத்தல்கள். ஒன்றில், தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் அடிபட்டு விழுந்த வௌவாலின் ரோமத்திலிருந்து எடுத்த ஈ. இறக்கையே கிடையாது. காலைப் பரப்பிக்கொண்டு சிலந்திபோல ரோமத்துக்குள் ஓடி ஒளிந்தது. உண்ணி என்றுதான் நினைத்தேன். காலை எண்ணி ஆறு என்று பார்த்த பிறகுதான் நம்பினேன். இது வௌவாலின் இரத்தத்தைக் குடித்துப் பிழைக்கும், கொல்லாது. கொன்றால் அதற்கே சோறு போச்சு.

இன்னொன்றில், செம்பனை ஓலையில் தொங்கிய உலாட் புங்குஸ் (தன்னைச் சுற்றிப் பை கட்டி அதற்குள் வாழும் புழு) கூட்டைக் கொண்டுவந்து வைத்ததில் வெளிவந்த ஈ. வீட்டு ஈயைவிடச் சிறியது, வயிறெல்லாம் முள்முள்ளாக மயிர். இது புழுவுக்குள் புழுவாக இருந்து, முக்கிய உறுப்புகளைக் கடைசிவரை மிச்சம் வைத்துத் தின்று, முடிவில் ஆளைத் தீர்த்துவிடும்.

பதிவேட்டில் இரண்டுக்கும் "ஒட்டுண்ணி ஈ" என்று எழுதி, ஓம்புயிரி (ஈ எந்த உயிரைத் தின்று வாழ்ந்தது) என்ற கட்டத்தை அப்புறம் நிரப்பலாம் என்று விட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து எந்த வரி எந்த ஈ என்று எனக்கே தெரியவில்லை. முப்பது வருடம் தோட்டத்துக் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் செய்கிற வேலையா!

புழுவைத் தின்னும் இந்த இரண்டாவது வகை ஈக்களை வெறுமனே பிடித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். எந்தப் புழுவிலிருந்து வந்தது, புழு எடுத்த தேதி, ஈ வெளிவந்த தேதி எல்லாம் வேண்டும். ஈ விட்டுப்போன காலி உறையையும் அதே ஊசியில் குத்தி வைக்க வேண்டும். இவற்றின் டக்கினிட் என்ற குடும்பத்தில் மட்டும் பெயரிட்ட இனங்கள் 8,000க்கு மேல். முதுகில், நெஞ்சின் பின்முனையிலுள்ள கேடயம் போன்ற தகட்டுக்கு அடியில் இன்னொரு சின்னப் புடைப்பு இருக்கும். லென்ஸை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் குடும்பம் பிடிபடும். அந்தப் புடைப்புக்கும் பெயரில்லை. அது அடுத்த சண்டை.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

"ஒட்டுக்கொல்லி" வேண்டாம். களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி என்று கேட்டே வளர்ந்த காது எங்களுடையது. கொல்லி என்றாலே தோட்டத்தில் முதுகில் தோம்பு தூக்கி அடிக்கிற மருந்துதான். யாழ்ப்பாணத்து அக்கா, விருந்துவழங்கியை (ஓம்புயிரிக்கு அங்கே உள்ள பெயர்) வைத்துச் சொன்ன "விருந்துக்கொல்லி"க்கும் இதே கதி. ஆனால் நல்லாச் சிரித்தேன் அக்கா.

"கொன்றுண்ணி"யில் வரிசை தப்பு. கொன்றுவிட்டு உண்பது புலியும் சிலந்தியும். இது உண்டு முடித்துக் கொல்வது.

அதனால்தான் கொல்லுண்ணி என்கிறேன். கொல்யானை மாதிரி வினைத்தொகை. கொன்ற, கொல்கின்ற, கொல்லும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். முதலில் தின்றதா கொன்றதா என்று சொல் தகராறு பண்ணாது. ஒட்டுண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் உறவு தெரியும், வேறுபாடும் தெரியும். ஆங்கிலத்தாருக்கும் இந்தச் சொல் ஆதியிலிருந்து இருந்ததில்லை. ராய்ட்டர் என்ற பூச்சியியலார் 1913இல் உண்டாக்கியதுதான்.

1925இல் ஃபிஜித் தென்னைகளை அழித்த அந்துப்பூச்சியை அடக்க, இங்கே மலாயாவிலிருந்துதான் இப்படி ஓர் ஈயைக் கப்பலேற்றினார்கள். அடக்கியும் காட்டியது. அதையும் வௌவால் ஈயையும் ஒரே பெயரில் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

வரும் சனிக்கிழமை பிள்ளைகளோடு தோட்டத்து ரோட்டோரம் எட்டு மணிப் பூச்செடிகளைப் பார்க்கப் போகிறேன். தேனுக்கு இந்த ஈக்களும் குளவிகளும் வரட்டும் என்றே நட்டு வைத்த செடிகள் அவை. பிள்ளைகளுக்கான படிவத்தில் "கொல்லுண்ணி" என்றே தட்டிவிட்டேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், இன்னும் நகல் எடுக்கவில்லை.