சித்திரை லீவுக்கு அம்மா, பிள்ளையளோட இத்தாலி: எந்த ஊரை வைக்கிறது, எந்த ஊரை வெட்டுறது?

வெள்ளவத்தைக்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். வாற சித்திரை லீவுக்கு குடும்பமா இத்தாலி போவம் எண்டு யோசிச்சிருக்கிறம், நானும் மனுசியும், பிள்ளையள் ரெண்டு பேர் (மூத்தவளுக்கு 13, சின்னவனுக்கு 9), அம்மாவும் வாறா. ரெண்டு கிழமைக்குக் கொஞ்சம் குறைய லீவு எடுக்கலாம். காலி ரோட்டில ஒரு ட்ரவல் ஏஜென்ட்டிட்டப் போய்க் கேட்டன், அவர் நீட்டின பேப்பரில ரோம், நேப்பிள்ஸ், பொம்பேய், அசிசி, பீசா, புளோரன்ஸ், பொலோனா, வெனிஸ், வெரோனா, மிலான் எண்டு பத்து ஊர், எல்லாம் பஸ்ஸில, கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஹோட்டல். அம்மாக்கு முழங்கால் நோ, அவவை விடிய ஆறு மணிக்கு சூட்கேஸோட லொபியில நிப்பாட்ட ஏலாது. மனுசி பேப்பரைப் பாத்திட்டு ஒரு வார்த்தையும் பேசாம திருப்பித் தந்திட்டா, அதே போதும்.

அதால நாங்களே பிளான் பண்ணுவம் எண்டு இறங்கியாச்சு. போனாக்கள் சொல்லுங்கோ, எத்தினை ஊரோட நிப்பாட்டலாம்? எனக்கு பழைய கட்டடம், கோயில், கோட்டை எல்லாம் விருப்பம், மனுசிக்கு அந்த ஒலிவ் தோட்டமும் சைப்ரஸ் மரமும் நிக்கிற மலைப்பக்கம் கட்டாயம் பாக்கோணுமாம், கார் ஒண்டு ஹயர் பண்ணி நானே ஓடலாமோ இல்லாட்டி ரயிலே காணுமோ? அம்மா சைவம், முட்டையும் தொடமாட்டா, அது வேற யோசினையாக் கிடக்கு.

ரயில்பைத்தியம்:

தம்பி, முதல் வேலையா பத்தை மூண்டாக்குங்கோ. ரோம், புளோரன்ஸ், வெனிஸ் பக்கம், அவ்வளவுதான். இந்த மூண்டிலயும் ரூம் போட்டிட்டு மிச்ச ஊர்களுக்கு காலமை போய் பின்னேரம் திரும்புங்கோ, இடையில சூட்கேஸ் கட்டுற வேலை ரெண்டே தரம்தான் வரும். பிளேன் டிக்கட்டும் ரிட்டர்ன் எண்டு பாக்காம மல்ட்டி சிட்டி எண்டு போட்டு ரோமில இறங்கி வெனிஸில ஏறுற மாதிரித் தேடுங்கோ. கொழும்பில இருந்து அநேகமா டோஹா, டுபாய் மாதிரி எங்கயாவது மாறித்தான் போகோணும், பிறகு ஏன் திரும்ப ரோம் வரைக்கும் வந்து ஒரு நாளைத் துலைப்பான்.

ரோம்–புளோரன்ஸ் ஒண்டரை மணித்தியாலம், புளோரன்ஸ்–வெனிஸ் ரெண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. பிரெச்சியாரோசா எண்ட வேக ரயிலை விடுற ட்ரெனிதாலியா, இத்தாலோ எண்டு ரெண்டு கம்பனி போட்டி போட்டு ஓடுது, முந்தி எடுத்தா மலிவு, கிட்ட வர வர பிளேன் மாதிரி விலை ஏறும். ரீஜனல் எண்டுற சின்ன ரயிலுக்கு எப்ப எடுத்தாலும் ஒரே விலை, அதுக்கு அவசரப்படத் தேவையில்லை.

ரோமில பிள்ளையளுக்கு கொலோசியத்தை விட பாந்தியோன் எண்ட பழைய ரோமர் கோயில் பிடிக்கும் எண்டு நான் நினைக்கிறன் (ரெண்டுக்கும் போங்கோ, சண்டைக்கு வராதேங்கோ). கம்பி ஒண்டும் வைக்காம கொங்கிரீட்டிலயே ஊத்தின டோம், 43 மீற்றர் அகலம், கட்டி கிட்டத்தட்ட 1900 வருசமாச்சு, அந்த வகையில இண்டைக்கும் உலகத்திலயே பெரிசு அதுதான். நடு உச்சியில மூடியில்லாத வட்ட ஓட்டை, மழை பெய்தா உள்ளுக்கத்தான் கொட்டும், நிலத்தைக் குனிஞ்சு பாத்தா சாடையா சரிவும் தண்ணி இறங்க சின்னச் சின்னத் துளையளும் தெரியும். 2023 வரைக்கும் சும்மா போய் வந்த இடம், அந்த வருசம் 5 யூரோ டிக்கட் போட்டிட்டினம். கொலோசியம் டிக்கட் பெயர் போட்டுத்தான் தருவினம், வாசலில அடையாளமும் கேப்பினம், எங்கட ஆக்களின்ர பாஸ்போர்ட்டில அப்பான்ர பெயரும் சேந்து ஒண்டரை வரிக்கு ஓடும், அதைச் சுருக்காம அப்பிடியே அடியுங்கோ.

கிராமப்பக்கம் பாக்கிறதுக்கு ரோமில இருந்தே தொடங்கலாம். ஒர்வியேத்தோ எண்டு மலை உச்சியில ஒரு ஊர், ரயிலில ஒண்டேகால் மணித்தியாலம் போல, ஸ்டேஷனுக்கு முன்னாலயே கேபிளில இழுக்கிற குட்டி ரயில் மேல கொண்டு போய் விடும், அம்மாவும் தாராளமா வரலாம். மேல இறங்கின கையோட ஒரு கிணறு இருக்கு. 1527இல ரோமைப் படையள் சூறையாட அங்கயிருந்து தப்பி வந்த பாப்பரசர் ஏழாம் கிளமெண்ட், ஊரை முற்றுகை போட்டா தண்ணிக்கு என்ன செய்யிறது எண்டு வெட்டுவிச்சது. 53 மீற்றர் ஆழம், உள்ளுக்க ரெண்டு சுழல் படி ஒண்டுக்குள்ள ஒண்டு பின்னிப் போகுது ஆனா எங்கயும் சந்திக்காது, இறங்கிற கோவேறு கழுதை ஏறுற கழுதையோட முட்டக் கூடாதெண்டு அப்பிடி. 248 படி, இடைக்கிடை சுவரில சன்னல் வெட்டியிருக்கு, ஒராள் இறங்க ஒராள் ஏற எதிர்ப்பக்கத்தால கை காட்டலாம். சின்னவன் திரும்ப வரமாட்டான் எண்டு நிப்பான்.

புளோரன்ஸில இருந்து சியன்னா. இதுக்கு ரயிலை விட பஸ்தான் நல்லம் (நான் சொல்றனே எண்டு ஆச்சரியப்படாதேங்கோ), நேர பஸ் ஒண்டேகால் மணித்தியாலம் போல, ரயில் ஸ்டேஷன் பள்ளத்தில, ஊர் மேட்டில. பெரிய கோயிலுக்குப் பக்கத்தில கூரையில்லாம ஒரு பெருஞ்சுவர் தனிய நிக்குது, இருக்கிற கோயிலை புளோரன்ஸ்காரரை விடப் பெரிசாக் கட்டுவம் எண்டு தொடங்கி 1348இல கொள்ளைநோய் வந்து சனம் செத்துப்போக அப்பிடியே விட்டிட்டினம். கட்டி முடிச்ச கோயிலை விட எனக்கு அந்த முடிக்காத சுவரைத்தான் பிடிச்சது. புளோரன்ஸ் பெரிய கோயிலின்ர டோமுக்கு ஏற 463 படி, லிப்ட் இல்லை, அம்மா கீழ இருந்து பாத்தாக் காணும். உபிசி எண்ட ஓவியக் காட்சிச்சாலை, டேவிட் சிலை இருக்கிற அக்காதேமியா ரெண்டும் திங்கள் பூட்டு.

கார் மட்டும் வேண்டாம் தம்பி. எங்களுக்கு இடப்பக்கம் ஓடிப் பழக்கம், அங்க வலப்பக்கம், அது ரெண்டு நாளில சரி வரும், ஆனா பழைய ஊருகளுக்குள்ள எல்லாம் ZTL எண்டு போட்ட எல்லைக்குள்ள வெளிக்கார் போக ஏலாது, போலிஸ் ஒருத்தரும் மறிக்கமாட்டினம், கமரா படம் எடுக்கும், நீங்கள் கொழும்பு வந்து மறந்து போன நேரம் ஹயர் கம்பனியால பைன் வரும். மனுசிக்காக ஒரு நாள் மட்டும் சியன்னாவில இருந்து ட்ரைவரோட கார் பிடிச்சு வால் டோர்ச்சியா பக்கம் போங்கோ, அந்த சைப்ரஸ் படம் எல்லாம் அங்க எடுத்ததுதான். பியென்சா எண்டு குட்டி ஊர், தான் பிறந்த கிராமத்தை ரெண்டாம் பயஸ் பாப்பரசர் 1459இல இடிச்சுத் திருப்பிக் கட்டுவிச்சது, ஒரு சுத்து நடக்க பெரிசா நேரம் எடுக்காது.

கொட்டாஞ்சேனை_அக்கா:

ரயில் அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனா மூணாவது ஊரை வெனிஸ்னு போடாம பதுவைனு போடுங்க. வெனிஸ்ல இருந்து ரயில்ல அரை மணித்தியாலத்துக்கு கிட்டதான், ரூம் வாடகையும் குறைவு, பாலம் பாலமா சூட்கேஸ் தூக்கி ஏறி இறங்குற வேலையும் இல்ல, அம்மாட முழங்காலை யோசிங்க.

அதை விடுங்க, நம்ம அந்தோனியார் இருக்கிற ஊர் தம்பி அது. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு செவ்வாக்கிழமை வந்து பாத்தா சைவக்காரங்க எத்தனை பேர் மெழுகுதிரியோட வரிசையில நிக்கிறாங்கனு தெரியும், உங்க அம்மாவும் ஒரு தரமாவது வந்திருப்பாங்க, கேட்டுப் பாருங்க. பதுவையில பெரிய கோயில்ல அவர்ட கல்லறை இருக்கு, பின்பக்கத்துல பச்சை மார்பிள் பலகை, ஆக்கள் வரிசையா வந்து உள்ளங்கைய அதுல வச்சு கண்ண மூடிட்டு நிப்பாங்க, பக்கத்துல சுகமான பிள்ளைங்க படம், நன்றி எழுதின கடதாசினு ஒட்டி வச்சிருப்பாங்க. யாரும் தள்ளிவிட மாட்டாங்க, ஆறுதலா நிக்கலாம். அவர் இறந்தது 1231, பிறகு 1263ல பெட்டிய திறந்தப்போ நாக்கு மட்டும் அழியாம இருந்திச்சுனு எடுத்து வச்சிருக்காங்க, அது பீடத்துக்குப் பின்னால உள்ள சிற்றாலயத்துல. கொச்சிக்கடை வாசல்ல கண்ணாடிக்குள்ள வச்சிருக்கிற சின்னத் துண்டு அந்த நாக்குலதான். கோயிலுக்கு டிக்கட் இல்ல.

அதே ஊர்ல ஸ்க்ரொவேஞ்ஞி சிற்றாலயம், ஜொத்தோனு ஒரு பழைய ஓவியர் சுவர்ல வரைஞ்சது, 1305 காலத்து வேலை. முதல்லயே புக் பண்ணாம போக ஏலாது, கொஞ்சப் பேரைத்தான் ஒரு தரத்துக்கு விடுவாங்க, அதுக்கு முதல் கண்ணாடி ரூம் ஒண்ணுல கால் மணித்தியாலம் இருத்தி வெளிக்காத்தையும் ஈரத்தையும் நம்ம உடம்புல இருந்து இறக்கிட்டு உள்ள இன்னொரு கால் மணித்தியாலம். கூரை முழுக்க நீலம், நட்சத்திரம். யூதாஸ் முத்தம் குடுக்கிற படத்துல ரெண்டு முகமும் எவ்வளவு கிட்டனு பாருங்க, அவன்ட மஞ்சள் போர்வை இயேசுவ முழுசா மூடிருக்கும். எனக்கு அதுக்குப் பிறகு வெனிஸ்ல பாத்த பெரிய பெரிய படம் ஒண்டும் ஏறல.

வெனிஸுக்கு பகல்ல போய் வாற ஆக்களுக்கு 2024ல இருந்து சில நாள்கள்ல நுழைவுக் காசு இருக்கு, போற திகதிக்கு இருக்கானு முதல்ல பாத்து பதிஞ்சிடுங்க. படகு பஸ் ஒரு டிக்கட் 9.50 யூரோ, 75 நிமிசம், முதலாம் நம்பர் படகுல முன்னுக்கு இடம் பிடிச்சா பெரிய கால்வாய் முழுசா பாத்து முடிச்சிடலாம். ஏப்ரல் 25 அங்க பொது விடுமுறை, அண்டைக்கு மட்டும் போயிடாதீங்க.

பலெர்மோ_மருமகன்:

எல்லாரும் வடக்குக்கே இழுக்கிறியள். மச்சான், எங்கட பெரியம்மா ஆக்கள் பலெர்மோவிலதான், தமிழ் கதைச்சுக்கொண்டே சந்தைக்குப் போய் வரலாம். அங்க பெல்லெகிரினோ மலையில குகைக்குள்ள சாந்தா ரொசாலியா கோயில், 1624 கொள்ளைநோய்க்குப் பிறகு ஊரின்ர காவல் தெய்வம் அவதான், எங்கட சனம் வேதக்காரர் சைவக்காரர் எண்டில்லாம ஞாயிற்றுக்கிழமை மலை ஏறி நேத்தி வைக்குது.

போற வழிதான் முக்கியம். ரோமில இருந்து சிசிலிக்கு போற இண்டர்சிட்டி ரயிலை மெசினா நீரிணையில கப்பலுக்குள்ள ஏத்துவாங்கள், பெட்டி பெட்டியா கழட்டி, தண்டவாளம் போட்ட கப்பல். எங்கட பழைய தலைமன்னார் போட்மெயில் ரயிலால சனம் இறங்கித்தான் தனுஷ்கோடிக் கப்பல் ஏறினது, இங்க ரயிலே ஏறுது. ரயில்பைத்தியம் எண்டு பெயர் வச்சுக்கொண்டு இதைச் சொல்லாம விட்டது பெரிய அநியாயம்.

ரயில்பைத்தியம்:

@பலெர்மோ_மருமகன் அநியாயம்தான், ஆனா ரோமில இருந்து பலெர்மோவுக்கு பகல் முழுக்க இல்லாட்டி ஒரு முழு இரவு, அம்மாவையும் கொண்டு உந்த லீவுக்குள்ள ரெண்டு பக்கமும் இழுத்தா ஏஜென்ட்டின்ர பேப்பருக்கே திரும்பி வந்திடுவம். தெற்கு தனிப் பயணமா வரட்டும். பொம்பேய் மட்டும் வேணுமெண்டா ரோமில இருந்து ஒரு நாளில போய் வரலாம், நேப்பிள்ஸ் வரைக்கும் ஒண்டேகால் மணித்தியாலம்கூட வராது, அங்க ஸ்டேஷனிலயே சின்ன ரயிலுக்கு மாறோணும். கல்லு ரோட்டு, நிழல் இல்லை, அம்மாவை அண்டைக்கு ரோமில ஆறவிடுங்கோ.

வெள்ளவத்தைக்காரன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. அம்மாட்ட பதுவை எண்டு சொன்ன உடன வெனிஸை ஆருக்கு வேணும் எண்டிட்டா, அது முடிஞ்ச கதை. கார் இல்லை. ஆனா மனுசிக்கு அந்த மலைப்பக்கத்தில ஒரு பண்ணை வீட்டில தங்கோணுமாம், அதை விடுறா இல்லை, பஸ்ஸில போகக்கூடிய மாதிரி ஏதும் இருக்கோ? சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல.

தெமட்டகொட_நானா:

சாப்பாட்ட நான் சொல்றன். ஒங்கட உம்மாக்கு சைவம், எங்களுக்கு ஹலால், ரெண்டு பேரும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்டுதான். பெக்கட்ல வாற காஞ்ச பாஸ்தா கோதுமையும் தண்ணியும்தான், கடையில "இன்னைக்கு செஞ்சது" எண்டு பெருமையா வைக்கிற பிரெஷ் பாஸ்தால முட்டை ஈக்கும், அத வாணாம் எண்டு சொல்லுங்க. பார்மெசான் சீஸ் கண்டுக்குட்டிட வயித்துல எடுக்கிற சாமான் போட்டு உறைய வைக்கிறது, உம்மா அந்த அளவுக்கு பாக்கிற ஆள் எண்டா சீஸ் தூவ வாணாம் எண்டு முந்தியே சொல்லிடுங்க. ரிசொத்தோ பாத்தா சோறு மாதிரி ஆச வரும், அநேகமா எறச்சி அவிச்ச தண்ணில ஆக்கினது. பியதீனா ரொட்டில பண்டிக் கொழுப்பு போடுவாங்க, பானா கோத்தா எண்ட இனிப்புல ஜெலட்டின்.

அப்ப என்னத்த திங்கிறது? மரினாரா பீட்சால சீஸே இல்ல, தக்காளி, வெள்ளப்பூடு, ஒரிகானோ, ஒலிவ் எண்ண மட்டும். வெள்ளப்பூடும் காஞ்ச மொளகாயும் எண்ணயில பொரிச்சு ஸ்பகெட்டில பெரட்டினது ஈக்கே, ஆலியோ ஓலியோ பெப்பரொன்சினோ, அது எங்கட நாக்குக்கு நேரா வாற சாமான். "சென்சா கார்னே, சென்சா உவோவா", எறச்சி வாணாம், முட்டை வாணாம், இத மட்டும் பிள்ளைகளுக்கு பாடமாக்கி உடுங்க. ரோமில தெர்மினி ஸ்டேஷனுக்கு கிட்ட எஸ்குவிலீனோ மார்க்கட்ல அரிசி, பருப்பு, பச்ச மொளகா எல்லாம் கெடைக்கும், குசினி உள்ள அபார்ட்மென்டா எடுத்தா ராவைக்கு சோறாக்கலாம். பில்லுல கொப்பேர்த்தோ எண்டு தலைக்கு கொஞ்சம் போட்டிருப்பாங்க, ஏமாத்தல்ல அது, இருந்து சாப்டுற காசு. கோப்பிய நிண்டு குடிச்சா மலிவு.

ரயில்பைத்தியம்:

பண்ணை வீட்டுக்கு வாறன். அக்ரிதூரிஸ்மோ எண்டு போட்டிருந்தா அது உண்மையிலயே தோட்டம் செய்யிற இடமா இருக்கோணும், 1985இல இருந்து அதுக்கு சட்டமே இருக்கு, ஆனபடியா வைனோ ஒலிவ் எண்ணெயோ அநேகமா அங்கயே விளைஞ்சதா இருக்கும். அநேகமானது பஸ் போகாத மேட்டில. தேடேக்க சியன்னாவுக்குக் கிட்டப் பாத்து, ஸ்டேஷனில இருந்து ஏத்துவியளோ எண்டு முதலே எழுதிக் கேளுங்கோ, ஓம் எண்டு சொன்ன இடத்தில மட்டும் ரெண்டு இரவு போடுங்கோ, புளோரன்ஸில அதைக் குறையுங்கோ. சூட்கேஸ் இன்னொரு தரம் கட்டோணும், அது மனுசியின்ர பொறுப்பு. ஞாயிறு பஸ் அருமை, ஞாயிறில போய் இறங்காதேங்கோ.

இதெல்லாத்துக்கும் முதல் விசா. பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முதல் இருந்து போடலாம், சித்திரை லீவுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில ஓடுவினம், அப்பொயின்மென்ட் கிடைக்கிறதே பாடு. பெரியாக்களுக்கு 90 யூரோ, சின்னவனுக்கு 45, மூத்தவளுக்கு 13 ஆச்சு, முழுக்காசுதான். இன்சூரன்ஸ் 30,000 யூரோக்குக் குறையக் கூடாது. ஹோட்டல் எல்லாம் கான்சல் பண்ணக்கூடியதாப் போடுங்கோ, ரயில் டிக்கட் விசா கையில வந்த பிறகு. ரீஜனல் ரயிலுக்குக் கடதாசி டிக்கட் எடுத்தா ஏற முதல் ஸ்டேஷனில நிக்கிற மெசினில குத்தோணும், குத்தாட்டி செக்கர் பைன் எழுதுவார், டூரிஸ்ட் எண்டெல்லாம் பாக்கமாட்டார்.