சாங் வெய்லி: 186-க்கு 165, பெல்ட் எப்படிக் கிடைத்தது?

வடக்குவாசல்:
"சாங் வெய்லிக்குத் தெரியாத வித்தையே இல்லை, முழுமையான வீராங்கனை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 2020 மார்ச், லாஸ் வேகாஸ். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த யுஎஃப்சி கூண்டுச் சண்டையில் சாம்பியன் பெல்ட்டுக்காகச் சீனாவின் சாங்கும் போலந்தின் யோவானாவும் மோதினார்கள். யோவானா கொடுத்த பலமான அடிகள் 186. சாங் கொடுத்தவை 165. பெல்ட் மட்டும் சாங்கிடமே. யாராவது விளக்குங்கள்.

எண்முகன்:
எழுதியவன் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கூச்சம் எதற்கு? அடிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டுவதற்கு இது மொய் நோட்டு அல்ல. எந்த அடி உறைத்தது என்றுதான் நடுவர் பார்ப்பார். கடைசி மணி அடித்தபோது யோவானாவின் நெற்றியைப் பார்த்தீர்களா? முடி முளைக்கும் இடம் வரை புடைத்து, ஆளே அடையாளம் தெரியவில்லை.

வடக்குவாசல்:
வீக்கத்துக்கு மதிப்பெண் என்று எந்த விதியில் இருக்கிறது? மூன்று நடுவர்களில் ஒருவர் யோவானாவுக்கு 48-47 என்று மதிப்பெண் கொடுத்தாரே, அவருக்குக் கண் தெரியாதா? 186 ஐயா, 186.

எண்முகன்:
மற்ற இருவருக்கும் கண் நன்றாகவே தெரிந்தது.

சாந்தமூர்த்தி:
ஒரே போட்டியில் ஏன் முட்டிக்கொள்கிறீர்கள்? 2013-ல் முதல் தொழில்முறைப் போட்டியிலேயே தோற்றவர் சாங். பிறகு வரிசையாக வென்று, 2019-ல் சீனாவின் ஷென்சென்னில் அப்போதைய சாம்பியன் ஆண்ட்ராஜியை 42 விநாடியில் முடித்தார். பிடரியைப் பிடித்து இழுத்து, முழங்கையும் முழங்காலும் மாறி மாறி இறக்கியதைப் பார்த்தாலே சாண்டா என்னும் சீன உதைச்சண்டையில் ஊறியவர் என்று தெரியும். ஆனால் 2021-ல் ரோஸ் நமயூனாஸ் ஒரே இடதுகால் உதையில் 78 விநாடியில் சாய்த்தாரே, அதையும் பேசுங்கள்.

எண்முகன்:
பேசுகிறேன். அதற்குப் பிறகுதான் அரிசோனாவுக்குப் போய் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் தங்கம் வென்ற ஹென்றி செஹூடோவிடம் மல்யுத்தத்தைத் தீட்டிக்கொண்டார். 2022 நவம்பரில் அப்போதைய சாம்பியன் எஸ்பார்சாவின் முதுகில் ஏறிக் கழுத்தை நெரித்தார். எஸ்பார்சா பிழைப்பு நடத்தியதே தரைச் சண்டையில்தான்! 2025 பிப்ரவரியில் சிட்னியில் அதுவரை தோல்வியே காணாத சுவாரெஸ். அவரும் மல்யுத்தக்காரர். ஐந்து ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களும் சாங் பக்கம். "சுவாரெஸ் சாங்கைப் பாயாகச் சுருட்டுவார்" என்று அப்போது இங்கே சூளுரைத்தவர் யார், வடக்குவாசல்?

வடக்குவாசல்:
அந்தப் பேச்சு இங்கே எதற்கு? அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கில் ஷெவ்சென்கோ ஐந்து ரவுண்டையும் அள்ளிக்கொண்டு போனார். உங்கள் முழுமை அன்று விடுப்பில் இருந்ததா?

எண்முகன்:
52 கிலோ பிரிவில் இருந்த சாங், ஷெவ்சென்கோவின் 57 கிலோ பிரிவுக்கு ஏறிப்போய் ஆடினார். எடைப் பிரிவு என்று ஒன்று இருப்பதாவது தெரியுமா?

சாந்தமூர்த்தி:
தோற்றால் எடை, வென்றால் திறமை. நல்ல நியாயம்.

எண்முகன்:
நீங்கள் நடுநிலை என்று சொல்லிக்கொண்டுதானே உள்ளே வந்தீர்கள், மூர்த்தி? 2022 ஜூன், சிங்கப்பூர். அதே யோவானா. சாங் சுழன்று வீசிய புறங்கை விழுந்ததும் முகம் குப்புற விழுந்தார். கையுறைகளைக் கழற்றிக் கூண்டிலேயே வைத்துவிட்டு ஓய்வை அறிவித்தார். இப்போது எண்ணுங்கள் 186.

வடக்குவாசல்:
சிங்கப்பூரை யார் கேட்டார்கள்? 2020-க்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, தாவுகிறீர்கள்.

எண்முகன்:
சொல்கிறேன் தம்பி. அதற்கு முன், சிட்னி பற்றிய உங்கள் பதிவு ஏன் காணாமல் போனது? அழித்துவிட்டால் தெரியாது என்று நினைப்போ? படம் பிடித்து வைத்திருக்கிறேன், மாலையில் ஏற்றுகிறேன்.

வடக்குவாசல்:
ஏற்றுங்கள். ஷெவ்சென்கோவிடம் தோற்ற இரவு நீங்கள் புலம்பியது என்னிடமும் இருக்கிறது.